பழைய இரவுநோக்கியின் மதிப்பு குழாயில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராணுவத்தின் பழைய உபரிப் பொருட்கள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, இருட்டில் குறிபார்க்க உதவும் வியட்நாம் போர்க்காலத்துத் துப்பாக்கி ஸ்கோப்பை (இரவுநோக்கியை) "அகச்சிவப்புக் கருவி" என்று எழுதியிருந்தது. அது தவறு. வாங்குபவர்கள் ஏமாறுவதும் இந்தக் குழப்பத்தில்தான்.

அகச்சிவப்பு விளக்கோடு வந்தவை அதற்கு முந்தைய தலைமுறை. 1945இல் ஜப்பானின் ஒகினாவா தீவில் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிகளில் பொருத்தப்பட்டவை. வியட்நாமில் புழங்கிய ஏஎன்/பிவிஎஸ்-2 (சுருக்கமாக பிவிஎஸ்-2) என்ற ஸ்கோப்புக்கு விளக்கே கிடையாது. நட்சத்திர வெளிச்சத்தை மூன்று கட்டக் குழாய் அடுத்தடுத்துப் பெருக்கிக் காட்டும். உருப்பெருக்கம் 4 மடங்கு, எடை ஏறக்குறைய 2.7 கிலோ. பின்னால் வந்த பிவிஎஸ்-4 குட்டையானது, ஒரே கட்டக் குழாய்தான், உள்ளே குறிபார்க்க உதவும் குறிக்கம்பி சிவப்பாக ஒளிரும்.

வாங்கும்போது முதலில் கருவியில் ஒட்டிய பெயர்த்தகட்டைப் பாருங்கள். இரவுநோக்கிகளுக்கு ராணுவம் தரும் சரக்கு எண் 5855 என்று தொடங்கும். மொத்தம் 11 இலக்கம் என்றால் தகடு 1974க்கு முந்தைய முறையைச் சேர்ந்தது; அதன்பின் இரண்டு இலக்க நாட்டுக் குறியீடு நடுவில் சேர்ந்து 13 ஆனது. தகடு மாற்றப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் அதை மட்டும் நம்பி ஆண்டைச் சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது பேட்டரி. பிவிஎஸ்-2க்கு உரியது 6.75 வோல்ட் பாதரச பேட்டரி, அதாவது 1.35 வோல்ட் செல்கள் ஐந்து. இப்போது கிடைக்காது. 3 வோல்ட் லித்தியம் இரண்டை அடாப்டரில் போட்டு 6 வோல்ட்டில் ஓட்டுவார்கள். கைக்கு அகப்பட்டது என்று 9 வோல்ட்டைச் செருகிவிடாதீர்கள். பேட்டரி அறையில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ படிந்திருந்தால் அதைச் சுத்தம் செய்யும்வரை சுவிட்சைத் தொட வேண்டாம்.

இருட்டறையில், கதவிடுக்கில் கசியும் வெளிச்சம் மட்டும் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். பகலில் மூடியைக் கழற்றிப் போட்டால் குழாய் பாழாகும். நல்ல கருவியில் மெல்லிய கீச்சொலி கேட்கும், பச்சைப் படம் எழும். அணைத்த பிறகும் அந்தப் பச்சை கொஞ்ச நேரம் நின்று மங்கும். ஓரங்கள் வளைந்து தெரிவது அந்தக் காலக் குழாயின் இயல்பு, கோளாறு அல்ல. கரும்புள்ளி தெரிந்தால் கண்வில்லையைத் திருகுங்கள்: புள்ளியும் கூடவே சுற்றினால் வில்லையில் ஒட்டிய அழுக்கு, அசையாமல் நின்றால் குழாயிலேயே உள்ள குறை. மிளகுத்தூள் போன்ற சில புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் எரிந்த தழும்பு இருந்தால் பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஓடவில்லை என்று பிரித்துப் பார்க்க ஆசைப்படுவது ஆபத்து. ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் 15,000 வோல்ட். மூன்றும் சேர்ந்தால் 45,000. அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

விலையை நிர்ணயிப்பது குழாய்தான். ஓடாதது அலமாரியில் வைக்கும் காட்சிப் பொருள், அந்த விலைதான் அதற்கு. எம்14 அல்லது எம்16 துப்பாக்கியில் ஸ்கோப்பைப் பொருத்தும் அசல் இணைப்பான், பெட்டி, கையேடு எல்லாம் சேர்ந்திருந்தால் சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள்.

இரவுநோக்கிகளுக்கு அமெரிக்காவில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. தேவையான உரிமம் இல்லாமல் ஊருக்குப் பார்சலில் அனுப்பினாலும் பயணப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாலும் குற்றமாகும். கட்டுரையில் விடுபட்ட இந்த ஒரு வரியையாவது அடுத்த மலரில் வெளியிட வேண்டுகிறேன்.

வாசகர்,
டல்லாஸ், டெக்சாஸ்