கித்துல்கலப் பாலமும் நியூயோர்க் பத்திரிகைக்காரரும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய தாள்கட்டு, அந்த நியூயோர்க் பத்திரிகைக்காரர் பொஸ்லி க்ரவுதரின் பழைய சினிமா விமர்சனங்கள், போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் மழைக்குப் பயந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அப்படியும் ஓரம் நனைந்துவிட்டது. அடுப்படியில் கொடி கட்டி, துணி காயப்போடுவது போல ஒவ்வொரு தாளாகத் தொங்கவிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இன்னுமா விடைத்தாள் திருத்துகிறாய்?" என்று கேட்டார். நான் ஓய்வுபெற்று ஏழு வருடமாகிறது. அவருடைய கேலிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "முக்கியமான இடங்களில் எல்லாம் சறுக்கியவர் அம்மா இந்த மனுஷன், இவரைப் போய் ஏன் இத்தனை ஆசையாக வாசிக்கிறீர்கள்?" என்றாய். யோசித்துக்கொண்டே இருந்தேன், அதனால்தான் இந்தக் கடிதம் நீளுகிறது.

பொஸ்லி க்ரவுதர் என்ற பெயரைத் தமிழில் எழுதப்போனால் பேனா தானாகவே "குரோதர்" என்று எழுதிவிடப் பார்க்கிறது. ஆளும் சில நாட்களில் அப்படித்தான் இருந்திருக்கிறார். 1940 முதல் 1967 வரை நியூயோர்க் டைம்ஸில் சினிமா விமர்சனம் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். கடைசி வருடத்தில் 'பொனி அன்ட் கிளைட்' படத்தை ஒரு தடவை திட்டியது போதாமல் மறுபடியும் மறுபடியும் திட்டினார். வாசகர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அந்த வருடத்தோடு நாற்காலியும் போயிற்று. இந்தக் கதை உனக்குத் தெரியும், நீதான் எனக்குச் சொன்னாய்.

ஆனால் 1960ஐ எடுத்துப் பார். 'சைக்கோ' வந்தபோது அதைப் பெரிதாக மதிக்காமல் எழுதிவிட்டு, வருடக் கடைசியில் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களில் ஒன்றாக அதையே சேர்த்தார். கொடுத்த விடைத்தாளைத் திரும்ப வாங்கி, புள்ளியைக் கூட்டிப் போட்ட ஆசிரியர் யாரையாவது நீ பார்த்திருக்கிறாயா? முப்பது வருடம் படிப்பித்தேன், நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செய்திருக்க வேண்டிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேரின் முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

இத்தாலிப் படங்களுக்காக அவர் மல்லுக்கு நின்றதையும் பார். 'சைக்கிள் திருடர்கள்' அமெரிக்காவுக்குப் போனபோது, சின்னப் பையன் சுவரோரம் ஒன்றுக்குப் போக ஒதுங்கும் காட்சியை வெட்டச் சொன்னார்களாம். தகப்பன் கூப்பிட்டுவிடுவதால் பாவம் அந்தப் பிள்ளை பாதியிலேயே ஓடிவருகிறான், அதைக்கூட விட்டுவைக்க மனமில்லை. வெட்டக் கூடாது என்று எழுதியவர்களில் க்ரவுதரும் ஒருவர். அந்தத் தணிக்கைக்காரர்களை ஒரு மணித்தியாலம் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அப்பா சொல்கிறார்.

எனக்கு அவரோடு உண்மையான சண்டை சத்யஜித் ராயின் வங்காளப் படம் 'பதேர் பாஞ்சாலி'யில்தான். 1958இல் அது நியூயோர்க்கில் திரைக்கு வந்தபோது அவர் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். கட்டுக்கோப்பு தளர்வாக இருக்கிறது, ஓட்டம் மந்தமாக இருக்கிறது, ஹொலிவூட்டில் படம் வெட்டி ஒட்டுகிறவர்களிடம் இது முதல் வரைவாகத் தேறுவதுகூடக் கஷ்டம் என்கிறார். போகப்போக மனதைத் தொடுகிறது, கவிதை இருக்கிறது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் முதலில் சொன்னதுதான் காதில் நிற்கிறது.

உன் அண்ணன் டிவிடி கொண்டுவந்த அன்று நாம் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நீ பாதியில் தூங்கிப்போனாய். அப்புவின் அக்கா துர்க்கா காய்ச்சலில் கிடக்கிறாள், வெளியே புயல், கதவு நிற்கமாட்டேன் என்கிறது, தாய் அதைப் பிடிக்க ஓடுகிறாள், திரும்ப வந்து பிள்ளையைப் பிடிக்கிறாள். நான் பிறந்த தோட்டத்து லயத்து வீட்டில் தகரத்துக்கு மேலே மழை விழுந்தால் எங்கள் அம்மா வீட்டில் இருந்த பாத்திரம் அத்தனையையும் ஒழுகும் இடங்களில் வைப்பாள். குண்டானில் விழும் சொட்டு ஒரு சத்தம், தகர டப்பாவில் விழும் சொட்டு வேறு சத்தம். பாத்திரம் நிறைய நிறையச் சத்தம் மாறும். நிறைந்ததை எடுத்து ஊற்றிவிட்டு வந்து படுப்பாள், விடிந்தால் பிரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டும். அந்த இரவை யாராவது வேகமாக ஓட்டிக்காட்டினால் நான் நம்பமாட்டேன்.

அதற்குப் பிறகு தகப்பன் ஊரிலிருந்து வருகிறான். மகள் போய்விட்டது தெரியாமல் அவளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் கொடுக்கிறான். தாய் வாயைத் திறந்து அழுகிறாள், ஆனால் அவள் குரல் வருவதில்லை, அந்த இடத்தில் ஒரு வாத்தியம்தான் அழுகிறது. கடைசியில் அப்பு, அக்கா திருடி ஒளித்துவைத்த மாலையைக் கண்டெடுத்துக் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. மந்தமாம்! அந்தப் பாசி மூடி முடியும்வரை அந்த மனிதரால் பொறுத்திருக்க முடியவில்லை.

பார், அவரோடு சண்டை போட்டதால்தான் எனக்கு அந்தப் பாசி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்களோடு இப்படிச் சண்டை போட முடியுமா? அவர் காரணம் எழுதிவைத்திருக்கிறார், அதனால் எனக்கும் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

இனி உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று. கட்டின் அடியில் 1957 டிசம்பர் விமர்சனம் ஒன்று வைத்திருந்தாயே, 'குவாய் நதிப் பாலம்', ஜப்பான்காரனிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகள் சயாம் ரயில் பாதைக்குப் பாலம் கட்டும் கதை. மனிதர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். இயக்கிய டேவிட் லீன், நடித்த அலெக் கின்னஸ், கடைசிக் காட்சிப் பதற்றம் என்று சொல்லிச் சொல்லி மாளவில்லை. பிழையொன்றும் இல்லை, நல்ல படம்தான். அந்தப் பாலம் நம் கித்துல்கலவில், களனி கங்கைக்குக் குறுக்கே, நிஜமாகவே கட்டி நிஜ ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தது. 1957 மார்ச்சில் அதைப் பார்க்கப் பிரதமர் பண்டாரநாயக்காவே வந்திருந்தார். நம் தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமைகூட இல்லாத காலம். கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லொறியில் உன் தாத்தா கிளீனர். வழியில் மறித்து நிறுத்திவிட்டார்களாம், மரத்தைக் கொண்டு இவ்வளவு உயரம் எழுப்பியிருக்கிறார்களே என்று வாய்பிளந்து பார்த்தாராம்.

படம் வந்த பிறகு ஹட்டனில் போய்ப் பார்த்திருக்கிறார், அப்பாயியையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாயி பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து பிளேன்டீ ஊற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "அப்போ நம்ம ஆளுங்க எங்க?"

அவளுடைய பெரியண்ணன் ஊரிலிருந்து மலாயாவுக்குப் போனவர். தம்பி தங்கைகள் இலங்கைக்கு, அவர் அங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு. ஜப்பான்காரன் வந்த பிறகு சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஆள்பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஊரிலிருந்து யாரோ எழுதிய கடிதம்தான் கடைசி. அந்தப் பாதையில் வேலைசெய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் மூன்று மடங்கு, மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் ஏராளம். கதையை எழுதிய பியேர் பூல் போருக்கு முன்னால் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலைபார்த்தவர். பால்வெட்டும் தமிழர்களைத் தினமும் கண்டிருப்பார். படம் பிடித்ததோ நம் மலையடிவாரத்தில். அப்படியிருந்தும் பாலத்தில் வெள்ளைக்காரர்கள்தான் சீட்டியடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

க்ரவுதர் மேல் எனக்கு இதில் கோபம் இல்லை. திரையில் இருந்ததைப் பற்றி அவர் எழுதினார், நியூயோர்க்கில் உட்கார்ந்திருந்தவருக்குப் பெரியண்ணனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் மூச்சுவிடாமல் புகழ்ந்த அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அப்பாயியின் கேள்வியை எழுதிவைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பச் சொன்னால் அந்தத் தாளை மட்டும் தரமாட்டேன்.

இன்னொன்று தேடித் தா. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் 'ரேகாவ' அதே 1957இல் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. ஸ்டூடியோச் சுவர்களை விட்டு வெளியே வந்து, இந்த நாட்டு வெளிச்சத்திலேயே பிடித்த படம். அதைப் பற்றி உன் ஆள் ஏதாவது எழுதினாரா என்று நூலகத்தில் பார். மந்தம் என்று எழுதியிருந்தாலும் அனுப்பு.

சித்திரையில் வரும்போது விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து நேரே வந்துவிடாதே. பஸ்ஸில் வா, நானும் அப்பாவும் கித்துல்கல வரை இறங்கி வருகிறோம். பாலத்தின் அடித்தளம் மட்டும் ஆற்றோரத்தில் மிச்சமிருக்கிறது, அட்டை கடிக்கும், காலுக்கு மூடிய சப்பாத்து போட்டுக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. உனக்கு இடித்த மிளகாய்த்தூள் காயவைத்திருக்கிறேன், வெயில்தான் வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
அம்மா