உன் பொண்ணு பயோமெடிக்கல் எடுக்கலாமா?

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டு பத்து நாள் ஆச்சு, பதில் போடல, திட்டிக்கோ. இன்டர்னல் மார்க்கு, ரெக்கார்டு நோட்டு கையெழுத்துன்னு செமஸ்டர் கடைசி கூத்து தெரியும்ல உனக்கு. பாப்பாவ பயோமெடிக்கல் இன்ஜினியரிங், அதான் ஆஸ்பத்திரி மிஷின் பத்துன படிப்பு, சேக்கலாமான்னு கேட்டிருந்த. ஒரு வரில சொல்ல வரல, அதான் உக்காந்து எழுதுறேன்.

போன வாரம் லேப்ல செகண்ட் இயர் பசங்க, இதயத்தோட மின் சிக்னல பெருசாக்கிக் காட்டுற ஈசிஜி ஆம்ப்ளிஃபயர் கட்டி, ஒரு பையன் மேலயே மாட்டிப் பாத்தாங்க. சிக்னல கோடா காட்டுற ஸ்கோப் திரைல இதயத்துடிப்புக்கு பதிலா கம்பளிப்பூச்சி மாதிரி தடியா ஒரு பட்டை, கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். நெஞ்சுலருந்து வர்ற சிக்னலே 1 மில்லிவோல்ட் சொச்சம் தான், ரூம் ஒயர்ல ஓடுறது 230 வோல்ட், பின்ன எப்படி. ஒரு மணி நேரம் ஐசி மாத்துனாங்க, ரெசிஸ்டர் மாத்துனாங்க, போர்டையே மாத்துனாங்க. நான் வாயத் தொறக்கல. கடைசில ஒரு பொண்ணு அந்தப் பையன் கைய தொட்டுப் பாத்துட்டு "சார், இவன் கை பூரா எண்ணெய்"ங்குது. ஸ்பிரிட்டு போட்டு தொடச்சு, தோல்ல ஒட்டுற எலக்ட்ரோட புதுசா ஒட்டி, இரைச்சல அடக்குற வலது கால் ஒயர ஒழுங்கா மாட்டுனதும் பி, க்யூஆர்எஸ், டின்னு ஒரு துடிப்போட அலை எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. அவன் இதயத்த அவனே வாயப் பொளந்து பாக்குறான். இந்த படிப்பே அவ்ளோதான்டா, கோளாறு பாதி நேரம் சர்க்யூட்ல இருக்காது, மனுஷன் தோல்ல இருக்கும்.

ஆனா இத எங்க சொல்லித்தர்றாங்க? நம்ம காலத்துல ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி ட்ரெய்னிங்னு அனுப்பி ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சு சர்டிபிகேட் குடுத்தாங்களே, இன்னும் பல எடத்துல அதே கதை தான். மூச்சு விட வைக்கிற வென்டிலேட்டர் மிஷின் படத்த பையன் போர்டுல வரைவான், அலாரம் அடிச்சா நர்ஸ் என்ன பண்றாங்கன்னு பாத்திருக்க மாட்டான்.

எங்க அத்தைக்கு இதயத்துல சித்ரா வால்வுன்னு செயற்கை வால்வு வச்சிருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு க்ளாஸ்ல வருஷா வருஷம் சொல்லுவேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துல வலியத்தான்னு ஒரு ஹார்ட் சர்ஜன், புவனேஸ்வர்னு ஒரு இன்ஜினியர், அவங்க டீம். முதல் மாடல்ல வெல்டு வச்ச கம்பி ஒடஞ்சுது. அடுத்ததுல, தொறந்து மூடுற வட்ட செயற்கை நீலக்கல்லுல போட்டாங்க, அது சுத்தி இருந்த டைட்டானிய உலோகக் கூட்ட தேச்சே தின்னுடுச்சு. உலோகத்த மாத்துனா மூணாவதுல அந்த வட்டே ஒடஞ்சுது. நாலாவதா, செயற்கை இடுப்பு மூட்டுல போடுற கெட்டியான பாலிஎத்திலீன் ப்ளாஸ்டிக்ல வட்டு பண்ணி, 1990 டிசம்பர்ல தான் முதல் நோயாளிக்கு வச்சாங்க. நீலக்கல்லு தோத்து ப்ளாஸ்டிக் ஜெயிச்ச கதைய எத்தன தடவ சொன்னாலும் எனக்கு அலுக்கல. இதயம் ஒரு நாளைக்கு சுமாரா 1 லட்சம் தடவ துடிக்குது, பத்து வருஷம்னா 36 கோடி தடவைக்கு மேல தொறந்து மூடணும், கணக்கு போட்டுப் பாத்தா தலை சுத்தும். அத்தை இதெல்லாம் கேக்காது, ரத்தம் உறையாம இருக்க போடுற வார்ஃபரின் மாத்திரையும், ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்டும் தான் அதுக்கு கவல, கீரை மாத்திரையோட வேலைய கொறைக்கும்ங்கறதால கீரைய ஒரு நாள் அள்ளித் தின்னுட்டு ஒரு வாரம் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதுலருந்து எங்க வீட்டுல கீரை அளந்து தான் வேகுது.

ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, சித்ரா மூணும் சேந்து க்ளினிக்கல் இன்ஜினியரிங்னு எம்.டெக் நடத்துறாங்க, டாக்டர் பக்கத்துல நின்னு படிக்கிற மாதிரி. பாப்பா பி.இ. முடிச்சுட்டு அங்க போனா சந்தோஷம். பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் டீம் 2019ல எந்திரிச்சு நிக்க வைக்கிற வீல்சேர் கொண்டு வந்தாங்களே, அதுவும் அதே ஐஐடில தான். அதுக்காக வேலை கொட்டிக் கெடக்குன்னு நெனச்சுக்காத, என்கிட்ட படிச்சதுல நெறைய பேர் ஐடி கம்பெனில தான் இருக்கான், மிச்சம் பாதி சேல்ஸ் சர்வீஸ்னு ஊர் ஊரா சுத்துறான். நீயே பதினஞ்சு வருஷமா டயாலிசிஸ் மிஷின தூக்கிட்டு அலையுறவன், உனக்கு நான் சொல்லணுமா.

காலேஜ சேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளு, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி, பசங்கள வார்டுக்குள்ள எத்தன நாள் விடுறாங்கன்னு. கேட்டதும் முழிச்சாங்கன்னா வேற காலேஜ் பாரு.

அடுத்த சனிக்கிழம லேப் காலியா தான் இருக்கும், அவள கூட்டிட்டு வா, ஒரு ஈசிஜி எடுத்துப் பாக்கட்டும். காலைல கைக்கு தேங்காண்ணெ தடவாம வரச் சொல்லு.

உன் மச்சான்