கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். என்னென்ன எப்போது தயாராக இருக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லியிருந்தீர்கள், நன்றி. ஆனால் இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறையைப் பற்றி, ‘ஏர்லி டிசிஷனில் போட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்’ என்ற ஒரே வரியோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது. அதே வரியை நம்பி மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வடக்கு வர்ஜீனியாவில், ஆஷ்பர்னில். இங்கே பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் எங்கே போனாலும் ஒரே பேச்சு, யூவிஏ. சார்லட்ஸ்வில்லில் இருக்கும் வர்ஜீனியா பல்கலைக்கழகம். தாமஸ் ஜெஃபர்சன் 1819-இல் நிறுவியது, அரசுப் பல்கலைக்கழகம். மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வர்ஜீனியாவைச் சேர்ந்தவர்கள். இருந்தாலும் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேயே விண்ணப்பிப்பதால் போட்டி கடுமை.

என் மகன் விண்ணப்பித்த வருடம் மூன்று வழிகள் இருந்தன. ஏர்லி டிசிஷன், ஏர்லி ஆக்‌ஷன் இரண்டுக்கும் நவம்பர் 1 கடைசி நாள். மூன்றாவது ரெகுலர், அதற்கு ஜனவரி வரை நேரம் உண்டு. ஏர்லி ஆக்‌ஷனில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பிப்ரவரி நடுவில் பதில் வரும். இடம் கிடைத்தாலும் மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து மே 1-க்குள் முடிவு சொன்னால் போதும். ஏர்லி டிசிஷனில் பதில் டிசம்பர் நடுவிலேயே வந்துவிடும். ஆனால் இடம் கொடுத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சலர் என்று மூன்று பேர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அது. நம்மவர்கள் பலர் இதை ஏதோ முன்பதிவு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு தனியார் ஆலோசகரிடம் கணிசமான பணம் கட்டியிருந்தோம். “ஏர்லி டிசிஷன் போடலைன்னா யூவிஏவை மறந்துடுங்க” என்றார் அவர். இரண்டு சதவீதங்களைக் காட்டினார், ஏர்லி டிசிஷனில் எடுப்பது இவ்வளவு, மற்றதில் இவ்வளவு என்று. இரண்டிலும் விண்ணப்பிக்கிறவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பல பல்கலைக்கழகங்களில், பயிற்சியாளர் ஏற்கெனவே பேசி முடித்த விளையாட்டு வீரர்களும் அந்த ஏர்லி டிசிஷன் கணக்கில்தான் வருவார்கள். உள்மாநிலம், வெளிமாநிலம் என்று பிரித்துப் பார்த்தால் சதவீதம் இன்னும் மாறும். ஒரே பிள்ளையின் அதே விண்ணப்பம், ஏர்லி டிசிஷனுக்கு மாறியதால் மட்டும் எவ்வளவு முன்னேறும் என்பதை அந்த எண்கள் சொல்லாது.

இதே யூவிஏ 2006-இல் ஏர்லி டிசிஷனைக் கைவிடுவதாக அறிவித்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பாதகமாக இருக்கிறது என்பதுதான் காரணம். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் நவம்பரிலேயே எப்படிக் கையெழுத்துப் போடும்? 2019-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் கடைசி வாரம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது, திரையில் அந்த ஒப்பந்தப் பக்கம். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். மகன் எதிரே உட்கார்ந்து தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. “என்னடா?” என்றேன். “நான் சைன் பண்றேம்மா. ஆனா பிளாக்ஸ்பர்க்தான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றான். பிளாக்ஸ்பர்க் என்றால் வர்ஜீனியா டெக். அவனுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் ஆசை. கோடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அன்றிரவு அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஏர்லி ஆக்‌ஷனுக்கு மாற்றினோம்.

விண்ணப்பக் கட்டுரை விஷயத்திலும் இதே கதைதான். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப்பில் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவன் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போவான். ஒரு தடவை தவறாக விசில் ஊதிவிட்டு, எட்டு வயதுப் பையனிடம் போய் ‘என் தப்புதான்’ என்று சொன்னதை எழுதியிருந்தான். ஆலோசகர் அதை எடுத்துவிட்டு ரோபோ போட்டியை எழுதச் சொன்னார். அப்புறம் நான் திருத்தினேன், என் தங்கை திருத்தினாள். கடைசியில் படித்துப் பார்த்தால் நாற்பது வயதுக்காரர் எழுதின மாதிரி இருந்தது. நல்ல வேளையாக அவன் பழையதையே அனுப்பினான்.

பிப்ரவரியில் பதில் வந்தது, ‘டிஃபர்’ என்று. ரெகுலர் விண்ணப்பங்களோடு சேர்த்து இன்னொரு முறை பார்ப்பார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். எங்களுக்கு அன்றைக்கு அது புரியவில்லை. நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைத்து நான் அழுதேன். சென்னையிலிருந்து என் மாமியார் போன் செய்தார். “என்னாச்சு, கிடைக்கலையா?” என்ற அவர் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. மகன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். டிஃபர் ஆன பிள்ளை செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்றுதான், முதல் அரையாண்டு மதிப்பெண்கள் நன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. பள்ளி அதை அனுப்பிவைக்கும், அவர்கள் பார்ப்பார்கள். சிபாரிசுக் கடிதங்களைக் குவிப்பதாலோ தினம் போன் செய்வதாலோ எதுவும் ஆகப்போவதில்லை.

ஏப்ரலில் யூவிஏ இடம் இல்லை என்றது. வர்ஜீனியா டெக் கொடுத்தது. அங்கேதான் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறான்.

பணம் பற்றியும் உங்கள் கட்டுரையில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். இங்கே மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசு விதி. வருமான விவரங்களைப் போட்டால் உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும். ஏர்லி டிசிஷன் போட நினைக்கும் குடும்பம் கையெழுத்துக்கு முன் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வெளிமாநிலத்தில் இருக்கும் வாசகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். யூவிஏவில் வெளிமாநிலக் கட்டணம் உள்மாநிலக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா என்ற உதவித்தொகை விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. இதெல்லாம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டிசம்பரில் திண்டாடும் குடும்பங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, பள்ளிக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) அனுப்பச் சொல்லிக் கேட்பதற்கு மகனுடைய பள்ளி வைத்திருந்த தேதி நவம்பர் 1-க்குப் பல வாரம் முந்தியது. அதைத் தவறவிட இருந்தோம். யூவிஏவும் வருடத்துக்கு வருடம் விதியை மாற்றலாம். அந்தந்த வருடத்துத் தேதியைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இருக்கக் கூடாது.

நோவா பற்றி நம் கூட்டங்களில் யாரும் வாய் திறப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நார்தர்ன் வர்ஜீனியா கம்யூனிட்டி கல்லூரி, நம் பக்கத்து ஸ்டெர்லிங்கிலேயே ஒரு வளாகம் இருக்கிறது. அங்கே குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு முடித்தால் யூவிஏவில் சேர உறுதி தரும் ஒப்பந்தம் உண்டு. கட்டணமும் குறைவு. பிள்ளை நோவாவில் படிக்கிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு அந்த வழியையே அடைத்துவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

இந்த வருடம் என் மகள் விண்ணப்பிக்கிறாள். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. நர்சிங் பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிற யூவிஏதான் வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏர்லி டிசிஷன் போடட்டுமா என்று அவளாகவேதான் கேட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம், கட்ட முடியும் என்று தெரிந்தது. அப்புறம்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டுரையை மட்டும் நவம்பர் 1 கழிந்த பிறகுதான் காட்டுவாளாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ஆஷ்பர்ன், வர்ஜீனியா