திடப்படுத்தல் வகுப்பில் யாருக்கு இடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆலயங்களில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் ஏற்படுத்தப்பட்டு வருவதைப் பாராட்டிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால், தென்னிந்தியத் திருச்சபையின் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைப் பிரிவு) ஒன்றில் நெடுங்காலம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாய்தளத்தில் ஏறி உள்ளே வந்துவிட்ட பிள்ளைக்கு ஆராதனையிலும் வேதபாட வகுப்பிலும் என்ன இடம் கிடைக்கிறது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை.

எங்கள் ஊருக்கு இது புதிய விஷயம் அல்ல. பாளையங்கோட்டையில் மிஷனெரியான ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். ஆகவே, வெள்ளைக்கோல் ஊன்றி ஆராதனைக்கு வருகிறவர்களையும், பிரசங்க நேரத்தில் கைச்சாடையால் பேசிக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பார்வையற்ற பிள்ளைகள் வசன மனப்பாடப் போட்டியில் மற்றவர்களைச் சுலபமாக முந்திவிடுவார்கள்; கீர்த்தனைகளில் ஒரு சரணமும் பிசகாது. அவர்களுக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டிய சபையார், எல்லாரையும் சேர்த்துக்கொண்டாயிற்று என்று திருப்தி அடைந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. காது கேளாதவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்தப் போட்டியில் இடமே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இதில் மிகவும் வேதனை தருவது திடப்படுத்தல் வகுப்பு. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படும் சடங்குதான் திடப்படுத்தல்; அதற்கு ஆயத்தப்படுத்துவது இந்த வகுப்பு. எங்கள் பகுதிச் சபை ஒன்றில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். முதல் மணி அடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவள் அவள்தான். அவளுடைய தம்பி திடம் பெற்று, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்கெடுக்கத் தொடங்கிவிட்டான். அவளுக்கோ பத்துக் கற்பனைகளை (வேதத்தின் பத்துக் கட்டளைகளை) ஒப்பிக்க வரவில்லை என்று, வகுப்பில் பெயர் சேர்க்காமலே தள்ளிப்போட்டு வருகிறார்கள். தாயோடு பீடத்தண்டை போய் முழங்காற்படியிட்டு, மற்றவர்களைப் பார்த்து அவளும் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டுகிறாள். குருவானவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, அப்பத்தட்டோடு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுகிறார். நீட்டிய கைகளை அவள் உடனே மடக்குவதில்லை.

விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், பத்துக் கற்பனை ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கே திடப்படுத்தல் என்று 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப்புத்தகம் விதித்தது உண்மைதான். நம் வகுப்புகளின் நடைமுறை அந்த வழியில் வந்ததே. ஆனால் அதே சபை, பேசத் தெரியாத கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, குழந்தையின் சார்பில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொல்லும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறது. மூன்று மாதக் குழந்தைக்குப் பிறர் பதில் சொல்லலாம், வளர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் துணை சொல்லக் கூடாது என்றால், அதற்கு வேதத்திலிருந்து என்ன ஆதாரம் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விருந்துபண்ணும்போது ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைக்கச் சொன்ன லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், அவர்களுக்குப் பரீட்சை வைக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை.

ஞாயிறு பள்ளியைப் பிடித்திருக்கும் பரீட்சை மோகத்தையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் இப்பள்ளியைத் தொடங்கியது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போய், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஏழைப் பிள்ளைகளுக்காக. இன்று அதில் வகுப்புவாரியாக எழுத்துத் தேர்வு, மதிப்பெண், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, போதாததற்கு டியூஷன் போல மாதிரி வினாத்தாள் வேறு. (சில பெற்றோர் விடைத்தாளைத் திரும்பத் திருத்தச் சொல்லிச் சண்டைக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன்.) கதையை நடித்துக் காட்டுவது, களிமண்ணில் பிசைந்து செய்வது, படத்தை வரிசைப்படுத்துவது, காணிக்கை எடுப்பதில் உதவுவது இவையெல்லாம் கற்பதாகக் கணக்கில் சேருமானால் எந்தப் பிள்ளையும் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியின் பத்து நாளும் இதைச் செய்கிற நாம், ஜூன் பிறந்ததும் பழையபடி வினாத்தாளுக்குத் திரும்பிவிடுகிறோம்.

எல்லாரையும் சேர்த்துக்கொள்வதற்கான வழி நம் ஆராதனை முறைமையில் ஏற்கெனவே இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் தனக்கென வகுத்துக்கொண்ட திருவிருந்து ஆராதனையில், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழக்கத்தைத் தழுவிச் சமாதானம் வழங்கும் பகுதியைச் சேர்த்தது. குருவானவரிடம் தொடங்கி, வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இடது கையால் பொதிந்து, வரிசை வரிசையாகச் சபை முழுவதற்கும் அது கைமாறி வர வேண்டும். காது கேளாதவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் மற்றவர்களுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பல ஆலயங்களில் தூரத்தில் நின்று கும்பிடுவதோடு அதை முடித்துக்கொள்கிறார்கள். கையோடு கை சேர்க்கும் அந்தப் பழைய வழக்கம் திரும்ப வர வேண்டும்.

சைகைமொழியில் பெயர்த்துச் சொல்பவருக்கு வேதபாடம், பாட்டு, பிரசங்கக் குறிப்பு ஆகியவற்றைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுவது, அவர் முகத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் அவரை நிறுத்துவது போன்றவற்றுக்குச் சேகரக் கமிட்டியின் தீர்மானம்கூடத் தேவையில்லை. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ஆம் தேதியை ஒட்டிய ஞாயிறன்று மட்டும் மாற்றுத்திறனாளிகளை வேதம் வாசிக்க அழைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்புவதை விட, வாசிப்போர் பட்டியலில் ஆண்டு முழுவதும் அவர்கள் பெயர் முறைப்படி வருவதே மரியாதை.

ஒரு வேண்டுகோள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அறிவுசார் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆலயம் கட்டும்போது சாய்தளத்துக்காக அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் திருமண்டலங்களிடம் (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சபை வட்டாரங்களிடம்) தாங்கள் கேட்டு வெளியிட வேண்டிய விவரம் ஒன்று உண்டு: கடந்த ஐந்து ஆண்டுகளில் அறிவுசார் குறைபாடுள்ள எத்தனை பேர் திடப்படுத்தப்பட்டார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டார்கள்?

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.