அலகு மட்டும்தானா காவடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்துக்கு நீங்கள் போட்ட படப் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் கன்னத்திலும் நாக்கிலும் குத்திய வேல். எடுத்தவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, நம் மொரீஷியஸின் கோர் தெ கார்ட் மலை முருகன் கோயில் படிகளில் கேமராவோடு நிற்கும் எல்லோரும் இப்போது அப்படித்தான்: பொத்தானை அழுத்திப் பிடித்தால் வினாடிக்குப் பத்துப் படம் விழுகிறது, ஏதாவது ஒன்று தேறாதா என்ற நம்பிக்கை, அப்புறம் குனிந்து திரையைப் பார்ப்பது, அதற்குள் காவடி தாண்டிப் போய்விடுகிறது.

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் கேசட் நாடாவில் பதியவே 23 வினாடி ஆனது. நாடாவில் இன்னும் இடம் இருந்தும் 30 படத்தோடு நிறுத்திக்கொண்டாராம், பிலிம் சுருளில் எடுக்க முடிந்த 24 படத்துக்கும் 36 படத்துக்கும் நடுவில் இருக்கட்டும் என்று. இன்று அந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது, சரி. அதோடு எதை எடுக்கிறோம் என்ற யோசனையும் போக வேண்டுமா?

கேமரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அது பார்ப்பது பெரும்பாலும் வெளிச்சத்தின் சராசரியைத்தான். உச்சி வெயிலில் வானம் பின்னால் இருந்தால் காவடி எடுப்பவரின் முகம் கரிக்கட்டையாகிவிடும், வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினால்தான் கண் தெரியும். இங்கே நம்மவர்கள் கட்டிவரும் ரோஸ் நிறத் துணி அதற்கு நேர் எதிர். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரில் சிவப்பு முதலில் நிரம்பி வழிந்து, மடிப்பு, சரிகை எல்லாம் மறைந்து ஒரே பூச்சாக வரும், அளவைக் குறைக்க வேண்டும். முகமா துணியா? கேமராவுக்குத் தெரியாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும் (நான் முகத்தின் கட்சி). இல்லையென்றால் இரண்டடி தள்ளி நின்று, வானத்துக்குப் பதிலாக ஒரு மரம் பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

பத்து நாள் விரதம் இருந்து, அந்த வெயிலில் நடந்து வந்து, பால் திரிந்திருக்குமோ என்ற பயத்தோடு செம்பின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கும் ஓர் அம்மாவின் முகம் உங்கள் பக்கத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை? அதை எடுக்க ஓரிடத்தில் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், லென்ஸை மூக்கருகே நீட்டாமல் "எடுக்கலாமா அக்கா?" என்று கண்ணாலாவது கேட்க வேண்டும். முந்தின இரவு வீட்டு வாசலில் உட்கார்ந்து காவடிக்குப் பூக் கட்டும் கைகளையும் யாரும் எடுப்பதில்லை.

அடுத்த வருடம் வாசகர்களிடம் படம் கேட்கும்போது ஒருவருக்கு மூன்றே படம் என்று வையுங்கள். எங்கே, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒவ்வொன்றின் கீழும் அவர்களையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கில் கிடப்பதைப் பொறுக்கும் வேலை உங்கள் மேசைக்கு வராமல் எடுத்தவர் தலையிலேயே விழட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காத்ர் போர்ன், மொரீஷியஸ்