நாய்க் குடும்பப் படம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மண்டபம் ஊரில் பதினோரு வருடமாக போட்டோக் கடை வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் எடுத்தாலும், "நாய் போட்டோக்காரர் கடை" என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரிகிறது. தாய், குட்டி, அக்கா, தம்பி என்று ஒரே வம்சத்து நாய்களை உங்கள் வீட்டுக்கே வந்து ஒரே படத்தில் எடுப்பது நீங்கள் பழக்கிவிட்ட தொழில். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆட்கள் கரையில் இருக்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்கு ஆர்டர் அதிகம்.

இந்தத் தடைக்காலத்தில் எடுத்த படம் ஒன்று இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "கறுப்பு நாய்களுக்கு நடுவே வெள்ளைக் குட்டியை கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கான்" என்று வாய்ஸ் மெசேஜும் கூடவே வருகிறது. என் மாமியார் வீட்டு குரூப் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தாய், கறுப்புக் கன்னி என்ற நாட்டு நாய் இனம். கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, காலும் பழுப்பு. மூன்று குட்டிகள் அம்மாவை உரித்து வைத்தவை. நாலாவது பால் நிறம், உச்சிப்புளியில் வளர்கிறது. அன்று ஷேர் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். ஒன்றரை வருடம் பிரிந்திருந்தவற்றை நேராகத் திண்ணையில் ஏற்றினால் கடித்துக் குதறிவிடும்; கூடப்பிறந்த பாசமெல்லாம் நாம் நினைத்துக்கொள்வதுதான். அதனால் எல்லாவற்றையும் கயிற்றில் பிடித்துத் தெருவில் அரை மணி நேரம் ஒன்றாக நடத்தினோம். அப்புறம்தான் திண்ணை. கேமராவுக்குப் பின்னால் தம்பி ஒரு நெத்திலிக் கருவாட்டைத் தூக்கிக் காட்ட, ஐந்து மூக்கும் ஒரே பக்கம் திரும்பின. பக்கத்து வீட்டுப் பூனையும் வந்தது, அதை விடுங்கள்.

சரி, ஏன் ஒட்டியது போலத் தெரிகிறது? கறுப்பு நாயின் முடி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பால் நிறக் குட்டி வெளிறிப்போய், கத்தரியால் வெட்டி வைத்தது போல ஆகிவிடும். குறைத்தால் கறுப்பு நாய்கள் நாலும் கரிக்கட்டை. ஃபிளாஷும் அடிக்க முடியாது. நாயின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. படத்தில் பச்சையாகப் பேய் போல மின்னும். ஆகவே காலை ஏழு மணி வெளிச்சத்தில், திண்ணை உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து எடுத்தேன். முழங்கால் வலி இன்னும் போகவில்லை. தாய் நாயின் இடது காது மட்டும் அடுத்த ஷாட்டிலிருந்து எடுத்து வைத்தது.

"ஒரே தாய்க்கு இந்த நிறம் எப்படி?" என்றும் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஈத்தில் பல நிறம் வருவது புதிதில்லை. பொட்டை நாய் இரண்டு கடுவனோடு சேர்ந்திருந்தால், ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு அப்பன்கூட வேறு வேறாக இருக்கலாம். இதை நாய் வளர்க்கும் வீட்டுக்காரரிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அவர் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும். எடுத்த 214 ஷாட்டும் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

அந்த மெசேஜ் வந்த மறுநாளே, "நீங்க எடுங்க தம்பி, எங்க வீட்டுல ஆறு இருக்கு" என்று போன் போட்ட பெரியபட்டினத்து அக்காவுக்கும், குரூப்பில் எங்களுக்காகச் சண்டை போட்ட தங்கச்சிமடம் அண்ணன்மார்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் இந்தக் கடை.

கருவாடு காட்டிய தம்பி துபாய் போய்விட்டான். போன இடத்தில் நன்றாக இருக்கட்டும். உப்புக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்ததில் ஒரு செலவும் வந்தது. ஆகவே அடுத்த மாதம் முதல் நாய்க் குடும்பப் படத்துக்கான கட்டணம் 2,000 ரூபாயிலிருந்து 2,600 ஆகிறது, பாம்பன் பாலம் தாண்டினால் 300 கூட.

புதுப் பையன் கெட்டிக்காரன். நாய் பயம்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவன் வரும்போது கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாய் போட்டோக்காரர்,
மண்டபம்