வராத அந்த 81 பேர்

அன்புள்ள சாந்தி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். உன் கடைசிக் கடிதத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம்: "உங்க ஐசியுவில் கொரோனாவோடு கிடந்தவர்களில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்கள்தானே, அப்புறம் ஊசியால் என்ன பிரயோஜனம்?" அந்த வார்டிலேயே நர்ஸாக இரண்டு வருடம் கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியாடி இது என்று கோபத்தில் மடித்து வைத்துவிட்டேன். போன வாரம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி அதையே கேட்டாள். அவளுக்குப் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உனக்குக் காட்டாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

கணக்குப் புலி நீதானே, பென்சிலை எடு. முதியவர்கள் 1000 பேர். 900 பேர் ஊசி போட்டாயிற்று, 100 பேர் போடவில்லை. போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், ஊசி அந்த ஆபத்தைப் பத்தில் ஒரு பங்காக்கும் என்று வைத்துக்கொள். போடாதவர்களில் 10, போட்டவர்களில் 9. வார்டில் மொத்தம் 19 பேர், பாதிப் பேர் ஊசி போட்டவர்கள். நீ சொன்னது சரிதான்! ஆனால் ஊசியே இல்லாவிட்டால் 100 பேர் வந்திருப்பார்கள். வராத அந்த 81 பேர் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள், சாந்தி.

எங்களுக்குத் தெரியும். வென்டிலேட்டரில் ஏறியவர் நாலு நாளில் இறங்குவதில்லை, இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். இன்று வந்தவர் எழுந்து போகும் முன்பே அடுத்த வாரத்து ஆட்கள் வந்து நிற்பார்கள். கட்டிலும் மெஷினும் காசு கொடுத்தால் கிடைக்கும். ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு நர்ஸ் வேண்டுமே, தேறிய ஐசியு நர்ஸை ஒரே ராத்திரியில் எங்கே போய்த் தேடுவது? இடமில்லாமல் போனால் மாட்டுவது கொரோனாக்காரர்கள் மட்டுமில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு நாள் ஐசியுவில் இருக்க வேண்டிய புற்றுநோயாளிக்கு ஆபரேஷன் தேதியே தள்ளிப்போகும். அதை அவர்களிடம் சொல்லும் வேலையும் எங்களுக்குத்தான்.

2022 தொடக்கத்தில் ஓமிக்ரான் என்ற புதுவகைக் கொரோனா அடித்தபோது ஹாங்காங்கில் எண்பது வயது தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே, குளிரில், கட்டில் போட்டுக் கிடத்தினார்கள். நியூசிலாந்துக்கு வந்ததும் அதே ஓமிக்ரான்தான். அங்கே பெரியவர்களுக்கு முன்னாடியே போட்டு முடித்திருந்தார்கள். நெருக்கடி இருந்தது, ஆனால் ஹாங்காங் அளவுக்குச் சாவு இல்லை. அலை வந்த பிறகு ஓடிப்போய்ப் போட்டால், உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வார்டு நிரம்பிவிடும்.

"போட்டும் எனக்கு வந்துச்சே" என்று சொல்வாய். உண்மைதான், தொற்றைத் தடுக்கும் பலம் சில மாதங்களிலேயே இறங்கியது. உயிருக்கு ஆபத்தாக முற்றாமல் காக்கும் பலம் அதைவிட ரொம்ப நாள் நின்றது. நீ வீட்டில் படுத்து எழுந்தாய். என்னிடம் வரவில்லை. எனக்கு அது போதும்.

அப்பாவுக்கு டாக்டர் சொன்ன அடுத்த தவணை போட்டாயா? அவர் நுரையீரலை நினைத்தால்தான் எனக்குப் பயம். மழுப்பாமல் தேதியோடு எழுது. 

உன்,
வசந்தி